கதவுக்குப் பின்னால் பதினொரு துணிப்பைகள்

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது அதில் பதினொரு துணிப்பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டங்களில் கொடுத்தவை சில, புத்தகக் கண்காட்சியில் கிடைத்தவை சில, பூமியைக் காப்பாற்றும்படி பெரிய எழுத்தில் கெஞ்சுபவை சில. மிச்சமெல்லாம் நானே வாங்கியவை. பையை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கடைக்குப் போவேன். பிளாஸ்டிக் பையைக் கையில் வாங்க மனம் வராது. அங்கேயே புதிதாக ஒரு துணிப்பை வாங்கிக்கொண்டு திரும்புவேன். இப்படியே அந்த ஆணியின் சுமை கூடியது. உண்மையில் நாங்கள் பயன்படுத்துவது இரண்டைத்தான். மற்ற ஒன்பதும் என் நல்லெண்ணத்தின் ரசீதுகள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று தீர்மானிப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு வரும் சில்லறை முடிவுகள்தாம் ஆளைக் குழப்புகின்றன. துணியா, காகிதமா, ‘மட்கும்’ என்று எழுதியிருப்பதா? எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவதா, ஒவ்வொன்றாகவா? வீட்டாரிடமும் நண்பர்களிடமும் எடுத்துச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு செய்து காட்டுவதா? இவற்றில் பெரும்பாலானதை நான் தவறாகச் செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்த ஒப்பீடு.

முதலில் குப்பைக்கூடை

எங்கிருந்து தொடங்குவது? ஊர் உலகம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதிலிருந்து தொடங்கலாம். நம் வீட்டுக் குப்பையிலிருந்தும் தொடங்கலாம். நான் முதல் வழியில் போய் ஸ்ட்ராவைக் கைவிட்டேன். வெளியே குளிர்பானம் குடிப்பதே மாதத்துக்கு ஒருமுறை என்பதால், வருடத்துக்குப் பன்னிரண்டு ஸ்ட்ராக்கள் மிச்சம். அந்தச் சாதனைக்காக ஓர் உலோக ஸ்ட்ராவும் அதைக் கழுவ ஒரு சின்னத் தூரிகையும் வாங்கினேன். இரண்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தன.

இரண்டாவது வழிக்கு அப்புறம்தான் வந்தேன். ஒரு வாரம் வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் அத்தனையையும் கழுவிக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து அதில் கொட்டினேன். கடைப் பைகள் நான்குதான். சிறு பொட்டலங்கள் ஒரு கைப்பிடி. தபாலில் வந்த பொருளைச் சுற்றியிருந்த குமிழி உறை ஒன்று. மிகப் பெரிய குவியல், வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாட்டின் டப்பாக்களும் மூடிகளும், கேட்காமலே கூட வந்த கரண்டிகளும். இரண்டே இரண்டு மாலை நேரத்துச் சோம்பல், ஒரு வாரக் குப்பையில் பாதியாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பாதியைக் குறைக்க எதையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஒரு மாலையாவது அடுப்பைப் பற்றவைத்தால் போதும், இல்லாவிட்டால் நம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனால் போதும்.

உங்கள் குவியல் என்னுடையதைப் போல இருக்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டயப்பர், அடிக்கடி பயணம் செய்பவர் வீட்டில் தண்ணீர்ப் பாட்டில் என்று மாறும். அதனால்தான் அடுத்தவர் தயாரித்த பட்டியலைவிட ஒரு வாரக் கூடை நல்ல வழிகாட்டி.

குவியலைப் பார்த்ததும் மனம் தேடும் முதல் சமாதானம், ‘எல்லாம் மறுசுழற்சிக்குத்தானே போகிறது’ என்பது. 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக்கை அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் கழிவாகிவிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சி கண்டது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேடுகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணமும் எண்ணும் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கின்றன. மறுசுழற்சி நடக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. சிறு பொட்டலங்களோ பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டியவை. அவற்றைப் பிரித்தெடுக்க யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. தரம் பிரித்துப் போடுங்கள், தவறில்லை. ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பைகளின் கணக்கு

எந்தப் பை நல்லது என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கே போட்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கை அவற்றில் பிரபலமானது. கடையிலிருந்து பொருளைச் சுமந்து வந்து, பிறகு குப்பைக்கூடைக்குள் விரிக்கப்படும் சாதாரணப் பிளாஸ்டிக் பையை அது அளவாக வைத்துக்கொண்டது. மற்ற பைகளை எத்தனை முறை பயன்படுத்தினால் அதற்கு ஈடாகும் என்பதுதான் கேள்வி. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் பருத்திப் பைக்கு 52 முறை, இயற்கை விவசாயப் பருத்திக்கு 149 முறை. எல்லா அளவுகோல்களையும் கணக்கில் எடுத்தால் முறையே 7,100, 20,000. வாரம் இருமுறை கடைக்குப் போகிறவருக்கு 7,100 முறை என்பது 68 ஆண்டுகள். இயற்கைப் பருத்திக்கு 192 ஆண்டுகள்; பையை உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ‘பிளாஸ்டிக் பையே மேல்’ என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிக்கையை அவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். அந்த ராட்சத எண், எந்த அளவுகோலில் பருத்தி மிக மோசமாகத் தோற்கிறதோ அதிலிருந்து வருவது. ஓசோன் படலத்துக்கு ஏற்படும் பாதிப்பு அந்த அளவுகோல். தெருவில் வீசப்பட்ட பை என்னாகிறது என்பதோ அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தபோது, உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். 1988, 1998ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால்களை அடைத்துக்கொண்டு நின்றவை அந்தப் பைகள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் போட்ட கணக்கில், ஒரே ஒரு முறை பயன்பட்ட மெல்லிய பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. 52, 131 என்று எண் மாறினாலும் இரண்டும் சொல்லும் விஷயம் ஒன்றுதான். துணிப்பைக்கு வாங்கும் நாளில் புண்ணியம் எதுவும் சேர்வதில்லை. பயன்படுத்தும் நாள்களில்தான் சேர்கிறது.

துணி போலத் தோன்றும் பாலிபுரொப்பிலீன் பை இந்தப் போட்டியில் பேசப்படாத கெட்டிக்காரன். டென்மார்க் கணக்கில் பருவநிலைக்கு 6 முறை, எல்லா அளவுகோல்களுக்கும் 52 முறை. அதுவும் பிளாஸ்டிக்தான், நைந்துபோனால் இழை இழையாக உதிரும் என்பது அதன் குறை. காகிதப் பை பருவநிலைக் கணக்கில் முதல் பயன்பாட்டிலேயே ஈடாகிவிடுகிறது; எல்லா அளவுகோல்களுக்கும் 43 முறை வேண்டும். எந்தக் காகிதப் பை 43 முறை தாங்கும்? மழை நாளில் அடிப்பகுதி பிய்ந்து சாமான் தெருவில் உருண்டதைத் துரத்திப் பிடித்த ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வரிசை இதுதான். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் எந்தப் பையும் முதலிடம், பிளாஸ்டிக் பை உட்பட. அடுத்தது பழைய படுக்கை விரிப்பிலோ சட்டையிலோ தைத்த பை. அந்தப் பருத்தியின் செலவு எப்போதோ கழிந்துவிட்டது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கெட்டியான பை ஒன்று. புதிய பருத்திப் பைக்கு இடம் கடைசியில்தான்.

எந்தப் பை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கதவுக்குப் பின்னால் தொங்கும் பை வீட்டுக்குக் காவல் இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்கும்படி மடியும் மெல்லிய பை ஒன்றைச் சாவிக்கொத்தோடு கோத்த நாளிலிருந்து நான் மறந்ததில்லை. நாம் இன்று பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையை வடிவமைத்த ஸ்வீடன்காரர் ஸ்டென் குஸ்டாஃப் தூலினும் அதைத்தான் செய்தாராம். மரங்களை வெட்டிக் காகிதப் பை செய்வதைக் குறைக்கத்தான் அவர் அந்தப் பையைச் செய்தார் என்றும், ஒரு பையை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருமுறையோடு எறிந்துவிடலாம் என்பது நாம் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். கடைப் பை வராமல் நின்றதும் குப்பைக்கூடைக்குள் விரிக்க ஒன்றும் இல்லாமல் போகும். உடனே சுருளாக விற்கும் குப்பைப் பையை வாங்கத் தோன்றும். கலிஃபோர்னியாவில் பைத் தடை வந்த ஊர்களை ரெபெக்கா டெய்லர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தபோது, சிறிய குப்பைப் பைகளின் விற்பனை ஏறியிருந்தது தெரியவந்தது. தடையால் மிச்சமான பிளாஸ்டிக்கில் சுமார் 30 சதவீதம் அந்த வழியாகத் திரும்பி வந்திருந்தது. ஈரக் குப்பையைத் தனியே ஒரு சின்ன வாளியில் போட்டால் மற்றக் கூடைக்கு உறையே வேண்டாம். வாளியைத் தினமும் கழுவ வேண்டும், அது உண்மை. அந்தக் கழுவும் வேலைக்குப் பிறகு வருகிறேன்.

‘மட்கும்’ என்ற சொல்

சோளத்திலிருந்து செய்தது, இயற்கையானது, மட்கக்கூடியது. இந்த மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று வேறானவை. உறையின் மேல் மட்டும் ஒரே பச்சை இலைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தாவரத்திலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக், 60 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரமும் தொடர்ந்து இருக்கும் ஆலைகளில் நன்றாக மட்கும். வீட்டு உரக்குழியில் அந்தச் சூடு வராது. வாய்க்காலிலும் கடலிலும் வரவே வராது.

பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்ஸனும் பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடல்நீரில் ஆழ்த்தியும், காற்றில் தொங்கவிட்டும் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ‘மட்கும்’ என்று விற்கப்பட்ட பை ஒன்று மூன்று ஆண்டுகள் மண்ணில் கிடந்த பிறகும் சாமான் சுமக்கும் நிலையில் இருந்தது. ஆலையில் உரமாகக்கூடியது என்ற சான்றோடு வந்த இன்னொரு பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது, மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பிறகும் இருந்தது. வேதிப்பொருள் சேர்த்து உடைந்து தூளாகும்படி செய்யும் ‘ஆக்ஸோ’ வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நேரடியாகவே தடை செய்துவிட்டது. தூளாவது மட்குவதாகாது. கண்ணுக்குத் தெரிந்த குப்பை தெரியாத குப்பையாகிறது.

உங்கள் பகுதியில் இவற்றைத் தனியே சேகரித்து உரமாக்கும் ஏற்பாடு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பச்சை இலை வெறும் சித்திரம்.

காகிதக் கோப்பையும் இதே சாதிதான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் அது சூடான எதையும் தாங்காது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சொன்னது: அப்படிப்பட்ட கோப்பையில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதில் கலக்கின்றன. காகித ஸ்ட்ராவிலும் வியப்பு காத்திருக்கிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2023இல் சோதித்த 20 காகித ஸ்ட்ரா வகைகளில் 18இல், எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள் இருந்தன. பிளாஸ்டிக்கை விட்டு ஓடி வேறு ஒன்றை ஒருமுறையோடு எறியத் தொடங்கினால், எறிவது மட்டும் நிற்பதில்லை.

கோப்பைக்கு மாற்று எவர்சில்வர் டம்ளர். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். கண்ணாடி கனம், உடையும், பையில் போட்டுக்கொண்டு ஓட லாயக்கில்லை. இதில் மேலும் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஒரேயடியாகவா, ஒவ்வொன்றாகவா

ஜூலை மாதம் முழுவதும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கும் பழக்கம் 2011இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குழுவிடம் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒன்பதாம் நாள், வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பற்பசைக் குழாய்கூடப் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதாகிவிட்டது. மாதம் முடியும் முன்பே விட்டுவிட்டேன், அதோடு துணிப்பையையும் இரண்டு மாதம் மறந்தேன். தோற்றுப்போனவனுக்கு வரும் அலுப்பு அது.

ஒரு மாத முயற்சி எதை விட முடியும், எதை விட முடியாது என்று தெரிந்துகொள்ள நல்ல சோதனை. வாழ்க்கை முறையாக மாறுவதற்கு, தீர்ந்துபோகும் பொருளுக்கு மட்டும் மாற்றுத் தேடுவது எனக்கு ஒத்துவந்தது. ஷாம்பூ தீர்ந்தால் அடுத்தது சோப்புக்கட்டி. பிளாஸ்டிக் டப்பா உடைந்தால் அடுத்தது எவர்சில்வர். நன்றாக இருக்கும் டப்பாக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு அலமாரியைக் கண்ணாடிக் குப்பிகளால் நிரப்புவது புகைப்படத்துக்கு அழகு. அன்றைய குப்பைக்கூடையையும் அதே புகைப்படத்தில் காட்ட வேண்டும்.

விட முடியாதவை சில உண்டு. மருந்து அட்டைகள், ஊசிகள். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் வளையும் ஸ்ட்ரா வசதி என்ற நிலையைத் தாண்டிய தேவை. இவற்றுக்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

மற்றவர்களைச் சேர்ப்பது

என் சித்தியிடம் ஒரு மணி நேரம் ஆமை, திமிங்கிலம், கடல் எல்லாம் பேசினேன். அடுத்த முறை போனபோது அவர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பைகூடக் கண்ணில் படவில்லை. பெருமிதத்தோடு பீரோவைத் திறந்தால் மடித்து மடித்து அடுக்கி வைத்திருந்தார். “நீ வருகிறாய் என்றுதான் உள்ளே எடுத்து வைத்தேன்” என்றார். பிரசங்கத்தின் பலன் அவ்வளவுதான். ஆனால் அந்த அடுக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு பையையும் பத்து முறை பயன்படுத்தாமல் அவர் விடுவதில்லை. கணக்குப் பார்த்தால் பதினொரு துணிப்பைக்காரன் அவரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

பரிசு தருவது பிரசங்கத்தைவிடப் பரவாயில்லையா? வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் டாட்டியானா ஹோமனாஃப் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. சொந்தப் பை கொண்டுவருவோருக்கு 5 சென்ட் தள்ளுபடி கொடுத்த கடைகளில் மாற்றம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். அதே 5 சென்டைக் கடைப் பைக்குக் கட்டணமாக வசூலித்தபோது, பை வாங்குவோரின் பங்கு 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. தொகை ஒன்றுதான். கிடைப்பதைவிடக் கையை விட்டுப் போவது உறைக்கிறது. அயர்லாந்து 2002இல் ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் வரி போட்டதும், ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 328 என்றிருந்த பைகள் 21 ஆகக் குறைந்தன.

நானும் நீங்களும் வரி போட முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டு: பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது தெரியும்படி செய்வது, கேட்டால்தான் பிளாஸ்டிக் என்று ஏற்பாட்டைத் திருப்பி வைப்பது. முதலாவதற்கு அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு நல்ல சாட்சி. துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி ‘சுற்றுச்சூழலைக் காப்பீர்’ என்று அட்டை வைத்தபோது 35 சதவீதம் பேர் கேட்டார்கள். ‘இங்கே தங்கும் பெரும்பாலானோர் அப்படிச் செய்கிறார்கள்’ என்று வைத்தபோது 44 சதவீதம். உண்மையில் பெரும்பாலானோர் செய்யாத இடத்தில் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ‘மாறிக்கொண்டு வருகிறார்கள்’ என்று எழுதலாம். ஜெர்மனியில் ஒரு காபிக் கடையில் அப்படி எழுதிப் பார்த்தபோதும் சொந்தக் கோப்பை கொண்டுவருவோர் கூடினார்கள்.

இரண்டாவதை எங்கள் அலுவலகத்தில் செய்து பார்த்தோம். மேசை மேல் இருந்த காகிதக் கோப்பைகளை அலமாரிக்குள் வைத்தோம், மேசையில் டம்ளர்களை அடுக்கினோம். அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை. முதல் வாரம் அற்புதமாகப் போனது. இரண்டாம் வாரம் தொட்டியில் எச்சில் டம்ளர்கள் மலைபோல் குவிந்தன; துப்புரவுப் பணி செய்யும் அம்மாள் வந்து, “சார், இது யார் கழுவுவது என்று முன்னாடியே பேசியிருக்கலாமே” என்றார். யாரும் பேசியிருக்கவில்லை. யாரோ கழுவுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம், அந்த யாரோ அவர்தான் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒருமுறைப் பொருள் நமக்கு விற்பது பிளாஸ்டிக்கை மட்டும் இல்லை. கழுவாமல் இருக்கும் சுகத்தையும் சேர்த்துத்தான் விற்கிறது. அதைக் கைவிடச் சொல்லும்போது அந்த வேலை எங்கோ போய் விழுகிறது. வீட்டில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. வாளியைக் கழுவுவது, பையைத் துவைப்பது, டப்பாவைத் தேய்ப்பது. மற்றவர்களை அழைப்பதற்கு முன் அந்த வேலைகளில் எவை என்னுடையவை என்று சொல்லிவிடுவது, நான் கண்ட எல்லா வழிகளிலும் அதிகம் பலித்தது. அலுவலகத்தில் ஒவ்வொருவர் டம்ளரிலும் பெயர் ஒட்டினோம், அவரவர் டம்ளரை அவரவர் கழுவுவது என்று முடிவானது. மூன்று பேர் காகிதக் கோப்பைக்கே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஈரக் குப்பை வாளி என் பொறுப்பு. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்த ஒன்பது பைகளையும் துவைத்து, எங்கள் கட்டடத்தின் மாடிப்படி அடியில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். ‘மறந்தவர்கள் எடுத்துப் போகலாம், திரும்ப மாட்டவும்’ என்று ஓர் அட்டை. முதல் மாதம் ஆறு காணாமல் போயின. என் மனைவி சிரித்தார். போன வாரம் போய் எண்ணினேன். எட்டு இருந்தன, அதில் மூன்று நாங்கள் மாட்டியவையே இல்லை.